‘ரிப்ரைஸ்’ (2006): படம் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

யோவாகிம் ட்ரியர் இயக்கிய இந்த நார்வே படத்தைப் பாருங்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் கேள்விகளோடு திரும்பி வந்தார்கள். பாதியில் நிறுத்தியவர்கள் இன்னும் அதிகமான கேள்விகளோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். முடிவைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

கதையை நாலு வரியில் சொல்ல முடியுமா?

முடியும். ஆஸ்லோ நகரில் எரிக், பிலிப் என்று இரண்டு நண்பர்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார்கள். எழுத்தாளர் ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை கிடையாது. இருவரும் ஒரே நாளில் தங்கள் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தபால் பெட்டியில் போடுகிறார்கள். பிலிப்பின் நாவல் ஏற்கப்படுகிறது, எரிக்குடையது திரும்பி வருகிறது.

பிலிப் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே மனம் குலைந்து மருத்துவமனைக்குப் போய்விடுகிறான். அவன் வெளியே வரும் நேரத்தில் எரிக்குக்கு ‘உங்கள் நாவலை வெளியிடுகிறோம்’ என்று பதில் வருகிறது. படம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. நாவல் திரும்பி வந்தவன் எழுத்தாளன் ஆகிறான், ஆகிவிட்டவனால் எழுத முடியவில்லை. நடுவில் பிலிப்பின் காதலி காரி, ஒரு நண்பர் பட்டாளம், இவர்கள் தெய்வமாகக் கும்பிடும் ஒரு மூத்த எழுத்தாளர். ஓடும் நேரம் ஒன்றே முக்கால் மணி.

‘ரிப்ரைஸ்’ என்றால் என்ன?

இசைச் சொல். ஏற்கனவே ஒலித்த பகுதி மறுபடி வருவது. நம் கச்சேரியில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை அதேதான், ஆனால் இடையில் சரணத்தைக் கேட்டுவிட்ட காதுக்கு அது பழைய பல்லவியாக இருக்காது. படத்தில் அப்படித் திரும்புகிறவை நிறைய: பாரிஸ் பயணம், ஒரு புகைப்படம், பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணும் பிலிப்பின் பழக்கம்.

டென்மார்க் தத்துவவாதி கியெர்கெகார்ட் 1843இல் எழுதிய ‘மீண்டும் நிகழ்தல்’ என்ற பொருள்படும் தலைப்புள்ள நூலில், ஒரு மனிதர் தான் முன்பு மகிழ்ச்சியாக இருந்த பெர்லினுக்கு மறுபடி போய், அதே மகிழ்ச்சி இரண்டாம் முறையும் கிடைக்குமா என்று சோதித்துப் பார்ப்பார். கிடைக்காது. அந்த நூலைப் பிரெஞ்சில் ‘லா ரிப்ரீஸ்’ என்ற தலைப்பிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். இயக்குநர் இதை மனதில் வைத்துத்தான் பெயர் வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸ் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் வேகமாக ஒரு முழு வாழ்க்கையே ஓடுகிறதே, அது நிஜமா கற்பனையா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். கற்பனை. ஆனால் யாருடைய கற்பனை என்பதுதான் விஷயம்.

காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். இரண்டு பையன்கள் தபால் பெட்டி முன்னால் நிற்கிறார்கள். கையில் கனமான உறைகள். இன்னும் போடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போது ஒரு ஆண் குரல் பேசத் தொடங்குகிறது. செய்தி வாசிப்பவரின் நிதானம், ஆனால் சொல்லும் வேகம் தலைதெறிக்க. புத்தகங்கள் வெளிவரும், ஒரு சிறு கூட்டம் அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடும், காதல் வரும், முறியும், இருவரும் பிரிவார்கள், வெளிநாட்டுக்குப் போவார்கள், மறுபடி சந்திப்பார்கள். படங்கள் கருப்பு வெள்ளையில் பறக்கின்றன. சில நிமிடங்களில் பல வருடம் போய்விடுகிறது. அப்புறம் பார்த்தால் தபால் பெட்டி முன்னால்தான் நிற்கிறோம்.

குரல் சொன்ன எல்லாமே ‘இப்படி நடக்கும்’ என்ற வகை வாக்கியங்கள். நார்வேஜிய மொழியில் அதற்கென்று ஒரு துணைவினை உண்டு. தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ‘போவான்’ என்ற நம் வினை மூன்று வேலை செய்யும். ‘நாளைக்குப் போவான்’ எதிர்காலம். ‘அந்தக் காலத்தில் தினமும் போவான்’ பழைய வழக்கம். ‘இந்நேரம் அங்கேதான் இருப்பான்’ வெறும் ஊகம். அந்தத் தொடக்கக் காட்சியைத் தமிழில் கதைபோல யாருக்காவது சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு இது நடந்ததா, நடக்கப் போவதா, ஆசையா என்று பிடிபடாது. படம் கொடுக்க நினைத்த மயக்கமும் அதேதான். சப்டைட்டில் படிக்கிற நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் கதையை எங்காவது அனுப்பிவைத்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். நான் முதல் சிறுகதையை ஒரு பத்திரிகைக்குத் தபாலில் போட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் அது பிரசுரமாகி, பாராட்டுக் கடிதங்கள் வந்து, அவற்றுக்குப் பணிவாகப் பதிலும் எழுதி முடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, நான் சுயவிலாசம் எழுதி இணைத்திருந்த உறை அப்படியே திரும்பி வந்தது.

அந்தக் கதை சொல்லும் குரல் யாருடையது?

ஐண்ட்ரிடே ஐட்ஸ்வோல்ட் என்ற நார்வே நடிகருடையது. கதைக்குள் அவருக்குப் பாத்திரம் கிடையாது. எல்லாம் தெரிந்த, யாருக்கும் பரிவு காட்டாத குரல். அறுபதுகளின் பிரெஞ்சு புதிய அலைப் படங்களில் இப்படி ஒரு குரல் சர்வ சாதாரணம். ட்ரூஃபோ படங்கள் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது, இந்தக் குரல் பையன்களின் பக்கம் நிற்பதுபோல நின்றுகொண்டே அவர்களைக் கிண்டல் செய்வது. அவர்கள் தங்களைப் பற்றி எழுதப்படவேண்டும் என்று ஆசைப்படும் வாழ்க்கை வரலாற்றின் தொனியில்தான் அது பேசுகிறது. இருபத்து மூன்று வயதில் எல்லாருக்கும் தலைக்குள் ஒரு வரலாற்றாசிரியர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸுக்கு நிற்பதைக்கூட அவர் குறித்துக்கொள்வார்.

எழுத்தாளர்களைப் பற்றிய படம் என்கிறீர்கள். உட்கார்ந்து எழுதுகிற காட்சியே அதிகம் இல்லையே?

நல்லவேளை என்றுதான் சொல்வேன். எழுத்தைப்போலப் படமாக்க லாயக்கில்லாத தொழில் வேறு இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். சினிமா இதற்குக் கண்டுபிடித்த வழிகள் நமக்கு மனப்பாடம்: கசக்கி எறிந்த காகிதம், நிரம்பி வழியும் சாம்பல் கிண்ணம், ஜன்னல் வழியே மழை, திடீரென்று ஒரு பொறி, பிறகு விரல்கள் தட்டச்சுப் பொறியில் நாட்டியம்.

‘ரிப்ரைஸ்’ அந்தப் பக்கமே போகவில்லை. படத்தையே ஒரு நாவல் மாதிரி நடக்க விட்டிருக்கிறார்கள். ஒரு பாத்திரம் அறிமுகமானால் கதையை நிறுத்திவிட்டு அவன் முன்கதைக்குள் நுழைகிறது. அடிக்குறிப்பு மாதிரி சின்னத் துணுக்குகள் வருகின்றன. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய், நாம் மறந்த நேரத்தில் விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. ஒரு இளைஞன் எழுதும் முதல் நாவலும் இப்படித்தான் இருக்கும்: தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் இறக்கிவிடுவான். இது இயக்குநருக்கும் முதல் முழுநீளப் படம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

சில இடங்களில் பேச்சு கேட்கிறது, ஆனால் உதடு அசையவில்லை. பிரதியில் கோளாறா?

இல்லை. நானும் முதல் தடவை பின்னால் நகர்த்தி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்தது. பிலிப்பும் காரியும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் ஒலி ஒரு நேரத்திலும் படம் இன்னொரு நேரத்திலும் இருக்கும். அவர்கள் பேசுவது காதில் விழும்போது, திரையில் அவர்கள் சும்மா ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது வேறு தெருவில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு பழைய சந்திப்பை நாம் நினைத்துப் பார்க்கும்போது இப்படித்தான் வரும். அவள் சொன்னது ஞாபகம் இருக்கும். முகமும் ஞாபகம் இருக்கும். இரண்டும் ஒரே நொடியைச் சேர்ந்தவையாக இருக்காது. ஆலன் ரெனே போன்ற பிரெஞ்சு இயக்குநர்கள் ஐம்பது, அறுபதுகளிலேயே செய்து காட்டிய வேலை இது. இங்கே படத்தொகுப்பு ஒலிவியே பூகே கூத்தே, ஒளிப்பதிவு யாகொப் ஈரே. இருவரும் இதற்குப் பிறகும் இதே இயக்குநரோடு தொடர்ந்தார்கள். இயக்குநரின் அப்பா யாகொப் ட்ரியர் ஒலிக்கலைஞர் என்பது உபரித் தகவல்.

பிலிப்புக்கு என்னதான் பிரச்சினை? எழுத்துதான் அவனைப் பைத்தியமாக்கியதா?

அவனுக்கு வருவது சைக்கோசிஸ். நிஜம் எது, மனம் உண்டாக்கியது எது என்ற கோடு அழிந்துபோகும் நிலை. படம் இதற்கு ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. சுற்றியிருப்பவர்கள்தான் காரணம் தேடுகிறார்கள். காரி மீது அவனுக்கு இருந்த வெறிபிடித்த காதலும் இதற்கு ஒரு காரணம் என்று நினைத்து, அவளிடமிருந்து அவனை விலக்கிவைக்கிறார்கள். உடம்புக்குச் சரியில்லாதவனைச் சுற்றி வீட்டாரும் நண்பர்களும் எதையெல்லாம் மறைப்பார்கள், எந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பார்கள் என்பதை இந்தப் படம் கவனித்திருப்பதுபோல நான் அதிகம் பார்த்ததில்லை.

‘மேதைமையும் பித்தும் அண்ணன் தம்பி’ என்கிற பழைய பல்லவியை இங்கே பாடவில்லை. நோய் பிலிப்புக்கு ஒரு வரிகூடத் தரவில்லை, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டுதான் போகிறது. மருத்துவமனையிலிருந்து வருபவன் களைத்தவன், எச்சரிக்கையானவன். அவனிடம் பழைய பிலிப்பை எதிர்பார்க்கும் நண்பர்களின் உற்சாகம்தான் அவனுக்குப் பெரிய சுமை.

நடித்தவர் ஆன்டர்ஸ் டேனியல்சன் லீ. சிறுவனாக 1990இல் ‘ஹெர்மன்’ என்ற நார்வே படத்தில் நடித்தவர். பிறகு மருத்துவம் படித்தார். இன்றும் அவர் டாக்டர்தான், நடிகரும்தான். அந்தப் படிப்பினால்தானோ என்னவோ, நோயாளியாக நடிப்பவர்கள் செய்யும் கண் உருட்டல், கை நடுக்கம் எதுவும் அவரிடம் இல்லை. கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்கிறார். அது போதுமாக இருக்கிறது.

பாரிஸ் காட்சி ஏன் அவ்வளவு சங்கடமாக இருக்கிறது?

ஏனென்றால் அது ஒரு ஒத்திகை, காதல் அல்ல. பிலிப்பும் காரியும் முன்பு ஒருமுறை பாரிஸ் போயிருக்கிறார்கள். காதல் உச்சத்தில் இருந்த நாட்கள். நோய்க்குப் பிறகு பிலிப் அவளை மறுபடி அங்கே கூட்டிப்போகிறான். பழைய பயணத்தை அப்படியே திரும்ப நடத்திப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறான். முன்பு எடுத்த புகைப்படத்தை அதேபோல மறுபடி எடுக்க அவளை நிற்கவைக்கிறான்.

அந்த இடத்தில், காரியாக நடிக்கும் விக்டோரியா விங்கேயின் முகத்தைப் பாருங்கள். காரி ஒத்துழைக்கிறாள். இவன் குணமாகி வருகிறான், மனம் நோகக்கூடாது என்ற பொறுமை ஒரு பக்கம். தான் இப்போது பழைய தன் வேஷத்தில் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் இன்னொரு பக்கம். பிலிப்போ அந்தப் புகைப்படத்தில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்று கிடைக்காமல் தேடுகிறான். அவனுக்கு அவள் மீது காதல் இருக்கிறதா, அல்லது காதலித்த ஞாபகம் மட்டும் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. வசனம் குறைவு. எழுத்தாளன் தன் வாழ்க்கையையே திருத்தி எழுதப் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவர் கதாபாத்திரமாகி நிற்கவேண்டியிருக்கிறது.

அந்த மூத்த எழுத்தாளர் ஸ்டென் எகில் டால் நிஜ ஆளா?

இல்லை, படத்துக்காகப் படைத்த பாத்திரம். ஆனால் நார்வே வாசகர்களுக்கு அவரைப் பார்த்ததும் டோர் உல்வென் நினைவுக்கு வருவார். உல்வென் 1953இல் பிறந்து 1995இல் இறந்த கவிஞர், உரைநடையாளர். ஆஸ்லோவிலேயே வாழ்ந்தவர். கிரேன் ஓட்டும் வேலை பார்த்திருக்கிறார். கூட்டங்களுக்குப் போகமாட்டார், பேட்டி தருவதில் விருப்பமில்லாதவர். தானே உயிரை முடித்துக்கொண்டார். புத்தகங்கள் சிறியவை, இறுக்கமானவை. அவருக்குப் பின் வந்த இளம் எழுத்தாளர்களுக்கு அவர் ஒரு அளவுகோலாகவே ஆகிப்போனார்.

எல்லா மொழியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அதிகம் எழுதாதவர், அதிகம் விற்காதவர், பொதுவில் தலைகாட்டாதவர். அவரைப் படித்திருப்பதே ஒரு ரகசியச் சங்கத்தின் அடையாள அட்டை. எரிக்கும் பிலிப்பும் டாலின் எழுத்தை நேசிக்கிறார்கள், சரி. டாலைத் தெரிந்த கூட்டத்தில் ஒருவராக இருப்பதையும் அதே அளவு நேசிக்கிறார்கள். இதைப் படம் சொல்லாமல் சொல்கிறது. அப்படிப்பட்டவரை நிஜத்தில் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தால் என்ன பேசுவது? எரிக்குக்கு அந்தச் சோதனை வருகிறது.

எரிக்கின் நாவல் தலைப்பு வாயில் நுழையவில்லை. என்ன அது?

‘ப்ரோசோபொபேயா’. கிரேக்க அணியிலக்கணச் சொல். இறந்தவர்களையோ, அங்கே இல்லாதவர்களையோ, உயிரற்ற பொருளையோ பேசவைக்கும் உத்தி. அஃறிணைப் பொருள்கள் கேட்பதுபோலவும் பேசுவதுபோலவும் சொல்லலாம் என்று நம் நன்னூல் அனுமதி தருகிறதே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாவலுக்கு இப்படிப் பெயர் வைப்பவன் எப்படிப்பட்ட பையன் என்று உங்களுக்குத் தெரியும். படமும் அதைத்தான் சொல்கிறது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவன் தொலைக்காட்சி இலக்கிய நிகழ்ச்சிக்குப் போகிறான். கேள்விகள் எளிமையானவை. அவன் பதில்கள் நொண்டுகின்றன. அறையில் தனியாக எழுதும்போது அத்தனை தெளிவாக இருந்த ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் வாயிலிருந்து வரும்போது ஏன் இவ்வளவு அபத்தமாகிவிடுகிறது? புத்தக வெளியீட்டு விழா ஏற்புரையில் சொதப்பிய எவரும் அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்கமாட்டார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மூடிக்கொண்டேன்.

பேர் தெரியாத இளைஞனின் கடினமான நாவலை அங்கே பதிப்பகங்கள் நிஜமாகவே போடுமா?

போடும். படம் வெளிவந்த சமயத்தில் நார்வேயின் மக்கள் தொகை 46 லட்சத்துச் சொச்சம். அதிலும் எழுத்து வழக்கு இரண்டு, பூக்மோல், நீநோஷ்க் என்று. சந்தையை மட்டும் நம்பினால் இலக்கியம் பிழைக்காது என்று தெரிந்து, 1965இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். புதிதாக வரும் தகுதியான இலக்கியப் புத்தகங்களில் ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளை அரசின் கலைக் கழகம் வாங்கி நூலகங்களுக்கு அனுப்பும். அந்த எண்ணிக்கை பிறகு மாறியிருக்கிறது, ஏற்பாடு தொடர்கிறது. அதனால் முதல் நாவல் என்பதற்காகப் பதிப்பாளர் பயந்து ஓடவேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஆஸ்லோவுக்கும் எழுத்தாளனாக ஆசைப்படும் இளைஞனுக்கும் உள்ள பந்தம் பழையது. அந்த நகரம் கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1890இல், க்னுட் ஹாம்சுன் ‘பசி’ நாவலை எழுதினார். கட்டுரை எழுதி விற்றுச் சாப்பிட நினைக்கும் ஒருவன் பட்டினியோடு தெருத்தெருவாக அலைவான். எரிக்கும் பிலிப்பும் அதே தெருக்களில்தான் சுற்றுகிறார்கள், ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்கு வயிறு பிரச்சினையில்லை. ‘நாம் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா’ என்ற கவலைதான் இவர்கள் பசி.

பெண்கள் எல்லாம் ஓரமாகவே இருக்கிறார்களே?

நியாயமான குறை. படம் பையன்களின் உலகத்தில், அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு நடக்கிறது. எரிக்குக்கு லில்லியன் என்று ஒரு காதலி. அவளை நண்பர்கள் முன்னால் கூட்டிவரவே கூச்சப்படுகிறான். எழுத்தாளன் ஆகப்போகிறவனுக்குப் பொருத்தமில்லாத சாதாரணமான பெண் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பிரிந்துவிட நினைக்கிறான், வாய் வரவில்லை. நண்பர்களில் லார்ஸ் என்பவன், பெண்களின் ரசனையெல்லாம் காதலனிடமிருந்து கடன் வாங்கியது என்கிற மாதிரி ஒரு தத்துவத்தை மேடைப்பேச்சுபோல விளாசுகிறான்.

படம் லார்ஸை நம்பவில்லை, அவனைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது என் வாசிப்பு. சிரிப்பதோடு நின்றுவிட்டது என்பது என் குறை. லில்லியன் என்ன நினைத்தாள் என்று கேட்க அந்த எல்லாம் தெரிந்த குரலுக்கு நேரமே கிடைக்கவில்லை. காரிக்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அதையும் நடிகைதான் பிடித்து வாங்கிக்கொள்கிறார். இந்தக் கடனை இயக்குநர் 15 வருடம் கழித்து அடைத்தார். அதைக் கீழே சொல்கிறேன்.

நண்பர் கூட்டத்தில் யார் யார் என்று குழம்புகிறது.

பரவாயில்லை. முன்னாள் பங்க் இசைக்குழுக்காரர்கள், மதில் மேல் பூனைகள், சீக்கிரமே வேலையும் குடும்பமுமாகச் செட்டிலாகப் போகிறவர்கள் என்று ஒரு கலவை. படத்துக்குள் வரும் ‘கொம்யூனே’ என்ற பங்க் குழு கற்பனை. படத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவரான க்னுட் ஷ்ரைனர் நிஜ ராக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். இன்னொருவர் ஓலா ஃப்ளொட்டும். விருந்துக் காட்சியில் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பாருங்கள்.

வெறும் ஸ்டைல் மட்டும்தான் இருக்கிறது, உயிர் இல்லை என்கிறார் என் நண்பர். உங்கள் பதில்?

முதல் இருபது நிமிடம் எனக்கும் அப்படித்தான் பட்டது. உறைந்த ஃப்ரேம், தாவும் வெட்டு, கருப்பு வெள்ளை, மேலே ஒரு குரல். கல்லூரி ஃபிலிம் சொசைட்டிப் பையன் தன் சான்றிதழ்களை எல்லாம் மேசையில் பரப்புவதுபோல.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். பையன்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, தங்கள் பழைய சாகசங்களைச் சொல்லும்போது, படம் இந்த வித்தைகளைக் காட்டுகிறது. பிலிப் காரியோடு ஒரு அறையில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் இருக்கும்போது வித்தைகள் நின்றுபோகின்றன. காமிரா சும்மா இருக்கிறது. அந்த ஸ்டைல் அவர்கள் போட்டுக்கொள்ளும் சட்டை. படம் நகர நகர அதைக் கழற்றவேண்டிய சந்தர்ப்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. எரிக் தொலைக்காட்சியில் திணறும்போது எந்தத் தாவும் வெட்டும் வந்து அவனைக் காப்பாற்றுவதில்லை. உங்கள் நண்பரை இந்தக் கண்ணோடு இரண்டாம் பாதியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இயக்குநர் யார்? டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியருக்குச் சொந்தமா?

யோவாகிம் ட்ரியர். தூரத்துச் சொந்தம் என்பார்கள், சினிமாவில் ஒட்டுறவு ஒன்றும் தெரியவில்லை. 1974இல் கோப்பன்ஹேகனில் பிறந்து ஆஸ்லோவில் வளர்ந்தவர். இளவயதில் ஸ்கேட்போர்டில் சாம்பியன், அந்த வீடியோக்கள் எடுத்துத்தான் காமிரா பழகினார். பிறகு இங்கிலாந்தில் திரைப்படப் படிப்பு. உடன் எழுதியவர் எஸ்கில் வோக்ட். இருவரும் இன்றுவரை சேர்ந்தே எழுதுகிறார்கள். ஆக, இரண்டு நண்பர்கள் எழுதிய, இரண்டு எழுத்தாள நண்பர்களின் கதை.

அம்மா வழித் தாத்தா எரிக் லேக்கன்தான் என்னைக் கவர்ந்தவர். 1959இல் அவர் எடுத்த ‘வேட்டை’ கான் விழாவில் போட்டியிட்டது. 1972இல் ஐந்து சுருள்களைக் கொண்ட ஒரு படம் எடுத்தார். அந்தச் சுருள்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றிப்போட்டு ஓட்டலாம். கணக்குப் போட்டால் 120 விதம். பேரனின் படத்தில் காலம் ஏன் இப்படி முன்னும் பின்னும் தாவுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: வீட்டுப் பழக்கம்.

‘ஆஸ்லோ முப்படம்’ என்கிறார்களே, எந்த வரிசையில் பார்ப்பது?

வந்த வரிசையிலேயே. இது முதலாவது. 2011இல் ‘ஆஸ்லோ, ஆகஸ்ட் 31’, 2021இல் ‘தி வொர்ஸ்ட் பர்சன் இன் தி வேர்ல்ட்’. கதைத் தொடர்ச்சி கிடையாது, ஊரும் நடிகர் லீயும் பொது. இரண்டாவது படம் போதைப்பழக்கத்திலிருந்து மீள முயலும் ஒருவனின் ஒரே நாள், மூன்றில் கனமானது. மனம் சரியில்லாத நாளில் வேண்டாம். மூன்றாவது ஒரு பெண்ணின் கதை, அதுவும் புத்தகம்போல முன்னுரை, 12 அத்தியாயம், முடிவுரை என்று. மேலே சொன்ன கடன் இங்கேதான் அடைபட்டது. ரெனாத்தே ரெய்ன்ஸ்வேவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது.

மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் லீயின் முகம் உங்கள் கண்முன்னால் 15 வருடம் மூப்பதைப் பார்க்கலாம். இருபதுகளில் இருக்கும் எழுத்தாளன் மூன்றாம் படத்தில் நாற்பதுகளில் இருக்கும் காமிக்ஸ் ஓவியன்.

விருது ஏதாவது?

2006இல் செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர். அடுத்த வருடம் நார்வேயின் அமாண்டா விருதுகளில் சிறந்த படம். ஆஸ்கருக்கு நார்வே அனுப்பிய படமும் இதுதான், இறுதிப் பட்டியலுக்குள் வரவில்லை.

முடிவு எனக்குப் புரியவில்லை. (பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்தவும்.)

முடிவில் அந்தக் குரல் மறுபடி வருகிறது. தொடக்கத்தில் பேசிய அதே இலக்கணத்தில், அதே ‘வான்’, ‘வார்கள்’ விகுதிகளில். இடையில் பாரிஸுக்குப் போய்விட்ட எரிக் ஊர் திரும்புவான். தெரிந்த முகங்களைப் பார்ப்பான். பிலிப்பும் காரியும் சேர்ந்திருப்பார்கள். தலைப்பு சொன்ன பல்லவி இதுதான்.

தொடக்கத்தில் அந்த வாக்கியங்களில் புகழும் வெளிநாடும் இருந்தன. இப்போது இருப்பவை சின்ன விஷயங்கள்: ஒரு சந்திப்பு, ஒரு விசாரிப்பு, யார் யாரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி. முதல் முறை அந்தக் குரல் சொன்னது நடக்கவில்லை என்று நமக்கு ஏற்கனவே தெரியும். அப்படியானால் இப்போது சொல்வதை மட்டும் நம்புவதா?

எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. என் மனைவி அது நடந்ததுதான் என்கிறார். இவ்வளவு சாதாரணமான விஷயங்களைக் கற்பனை செய்ய யாருக்கும் தோன்றாது என்பது அவர் வாதம். நான் முதல் தடவை பார்த்தபோது நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னேன். போன மாதம் மறுபடி பார்த்தபோது, காரி சிரிக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.